பூட்ட மறந்தேன், பூட்டியதை மறந்தேன்

இலங்கை மலையகத்தில் ஓ லெவல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற எந்தப் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்தாலும் நடுவில் கோடு கிழித்த பக்கம் ஒன்று இருக்கும். இந்தப் பக்கம் ‘டு’ வருகிற வினைகள், அந்தப் பக்கம் ‘இங்’ வருகிற வினைகள். வோன்ட், ஹோப், டிசைட், ப்ரொமிஸ் எல்லாம் இங்கே. என்ஜோய், ஃபினிஷ், அவொய்ட், மைன்ட் எல்லாம் அங்கே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளை இரண்டு பக்கத்தையும் ஒப்பிக்கும். சரி, பாடமாக்கினது போதும், லீவு நாளில் உனக்கு என்ன பிடிக்கும், ஆங்கிலத்தில் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள். ‘ஐ என்ஜோய் டு பிளே கிரிக்கெட், சேர்’ என்று பதில் வரும்.

ஹட்டன் பக்கம் பின்னேர வகுப்பு நடத்துகிறவன் நான். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தைக் கோட்டை விட்டுவிட்டுத் திரும்ப எழுத வருகிற பிள்ளைகள், பல்கலைக்கழகம் கிடைத்ததும் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்குமே என்று பயந்து ஓடி வருகிறவர்கள், நுவரெலியாவிலும் எல்லவிலும் ஹோட்டல் வேலைக்குப் போகப்போகிற பெடியன்கள், தோட்டத்து ஒஃபிஸில் கிளாக்கராக இருக்கிற ஒருவர், இப்படிக் கலந்துதான் வகுப்பு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்தது. எங்கள் பக்கம் அது இணைத்ததை விட வடிகட்டியது அதிகம், அது வேறு கதை. நான் சொல்ல வருவது ‘டு’ வருகிற இன்ஃபினிட்டிவ், ‘இங்’ வருகிற ஜெரண்ட் என்கிற இந்த இரண்டைப் பற்றித்தான்.

ஒரு விசயம் முதலிலேயே: ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வேண்டுமென்றுதான். இது கண்ணால் பிடிக்கிற பாடம் இல்லை, காதால் பிடிக்கிற பாடம். வாய்விட்டு வாசியுங்கள்.

என் கட்சி இதுதான். அந்த இரண்டு பத்திப் பட்டியலில் முக்கால்வாசி தமிழ்ப் பிள்ளைக்குத் தேவையில்லை. ஆங்கிலம் ‘டு’ என்றும் ‘இங்’ என்றும் பிரிக்கிற வித்தியாசத்தைத் தமிழ் தன் பாட்டில் காலங்காலமாகப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாடசாலையில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் (பூட்ட, போக) என்றும், தொழிற்பெயர் (பூட்டுவது, பூட்டியது) என்றும் தமிழ்ப் பாடத்தில் ஒரு நேரம் படிக்கிறோம். மணி அடிக்கிறது. அடுத்த பாடம் ஆங்கிலம். அங்கே அதே சங்கதியைப் புது மிருகம் மாதிரி முதலிலிருந்து படிக்கிறோம். இரண்டு ஆசிரியர்களும் ஒரே இஸ்டாப் ரூமில் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிப்பார்கள், ஆனால் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். (ஆசிரியர்கள் யாராவது வாசித்தால் கோபிக்க வேண்டாம், நானும் அந்த மேசையில் இருந்தவன்தான்.)

தலைப்பில் இருக்கிற இரண்டையும் எடுங்கள். ‘கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்.’ கதவு இப்போது எப்படி இருக்கிறது? திறந்து கிடக்கிறது. ‘கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்.’ கதவு பூட்டித்தான் இருக்கிறது, எனக்குத்தான் அது நினைவில்லை. படிப்பறிவே இல்லாத ஒரு பாட்டிகூட இதில் தடுமாற மாட்டார். இப்போது ஆங்கிலத்துக்குப் போங்கள். ‘ஐ ஃபொர்கொட் டு லொக் த டோர்’ என்றால் கதவு திறந்து கிடக்கிறது. ‘ஐ ஃபொர்கொட் லொக்கிங் த டோர்’ என்றால் பூட்டியாயிற்று. இரண்டாவது வாக்கியம் ஆங்கிலத்தில் அவ்வளவாகப் புழங்காது, ‘ஐ வில் நெவர் ஃபொர்கெட் சீயிங் த சீ’ என்று ‘மறக்கவே மாட்டேன்’ அர்த்தத்தில்தான் அதிகம் கேட்கலாம். கடலை முதன்முதலாகப் பார்த்ததை மறக்கமாட்டேன். பார்த்ததை. ‘பார்க்க’ இல்லை.

ரிமெம்பரும் அதே வழிதான். ‘சாவியை எடுக்க ஞாபகம் வைத்துக்கொள்’ என்பது ரிமெம்பர் டு டேக். ‘சாவியை எடுத்தது ஞாபகம் இருக்கிறது’ என்பது ரிமெம்பர் டேக்கிங். ஸ்டொப்? கொழும்பிலிருந்து வருகிற பஸ் கினிகத்தேனையில் நின்றது, டிரைவர் தேத்தண்ணி குடிக்க நின்றார்: ‘ஹீ ஸ்டொப்ட் டு ட்ரிங்க் டீ.’ அவருக்குச் சீனி வருத்தம் வந்து, தேத்தண்ணி குடிப்பதையே நிறுத்திவிட்டார்: ‘ஹீ ஸ்டொப்ட் ட்ரிங்கிங் டீ.’ தமிழ் இங்கே நின்றார், நிறுத்தினார் என்று வினையையே மாற்றிவிடுகிறது, ஆங்கிலத்தில் ஸ்டொப் ஒன்றே ஒன்று இருப்பதால் அந்தச் சுமை முழுவதும் பின்னால் வருகிற சொல்லின் தலையில் விழுகிறது.

ட்ரை என்கிற வினைக்கு ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் அரைப் பக்கம் விளக்கம் கொடுக்கும். ‘ட்ரை டு’ என்றால் முயற்சி, முடியாமலும் போகலாம். ‘ட்ரை இங்’ என்றால் சோதனைக்குச் செய்து பார்ப்பது. இதை மலையகத்துப் பிள்ளைக்கு ஒரே வரியில் சொல்லலாம். கதவு இறுகிப்போயிருக்கிறது. திறக்கப் பார். ம்ஹும், முடியவில்லையா, அப்போ தள்ளிப் பார். திறக்கப் பார் என்பது ட்ரை டு ஓபன், தள்ளிப் பார் என்பது ட்ரை புஷிங். தள்ளுவது கஷ்டமான காரியம் இல்லை, தள்ளலாம், தள்ளினால் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். நமது ‘பார்’ முன்னால் நிற்கிற எச்சத்தை மாற்றி மாற்றி இதே வேலையைத்தான் செய்கிறது.

ரிக்ரெட் என்பதை அனேகமாக எல்லோரும் நிராகரிப்புக் கடிதத்தில்தான் முதலில் சந்திக்கிறோம். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யு’, அறியத் தர வருந்துகிறோம், இனிமேல்தான் கெட்ட செய்தி வரப்போகிறது. ‘ஐ ரிக்ரெட் லீவிங் ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடத்தை விட்டதற்காக இன்றைக்கு வருந்துகிறேன், அது நடந்து முடிந்த கதை.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று இருக்கிறது, இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது, ஏனென்றால் புத்தகங்கள் தமிழ்ப் பிள்ளைக்காக எழுதப்பட்டவை இல்லை. ‘ஒத்துக்கொண்டான்’ என்கிற ஒரே சொல்லை எடுங்கள். ‘வர ஒத்துக்கொண்டான்.’ ‘எடுத்ததை ஒத்துக்கொண்டான்.’ முதலாவது அக்ரீட் டு கம். இரண்டாவது அட்மிட்டட் டேக்கிங் இட். அடுத்தது ‘மறுத்தான்’. ‘எடுக்க மறுத்தான்’ என்றால் ரிஃபியூஸ்ட் டு டேக். ‘எடுத்ததை மறுத்தான்’ என்றால் டினைட் டேக்கிங். ஆங்கிலத்துக்கு நான்கு வினைகள் தேவைப்பட்ட இடத்தில் தமிழ் இரண்டை வைத்துக்கொண்டு எச்சத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறது. பட்டியலில் அக்ரீ இந்தப் பக்கம், அட்மிட் அந்தப் பக்கம் என்று மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு இந்த நான்கு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிக் காட்டினால், ‘இவ்வளவுதானா சேர்?’ என்று கேட்கும். இவ்வளவுதான்.

இந்தப் பிரிவு ஆங்கிலத்துக்கு எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் சுவாரசியமானது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்குத் தமிழ் மாதிரியே சொல்லின் கடைசியில் ஒட்டுகிற விகுதி இருந்தது. நமக்குப் போ, போக என்று வருகிற மாதிரி அவர்களுக்கு ‘அன்’ என்று முடியும். ‘டு’ என்பது அப்போது வெறும் திசை காட்டுகிற சொல், ஊருக்கு, சந்தைக்கு என்பதில் வருகிற ‘கு’ மாதிரி. நாளடைவில் விகுதி தேய்ந்து உதிர்ந்துபோக, பக்கத்தில் நின்ற ‘டு’ இன்ஃபினிட்டிவின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ‘டு’ வருகிற இடத்தில் இன்றைக்கும் ஒரு முன்னோக்கிய பார்வை இருக்கிறது. வேண்டும், முடிவு செய்தேன், மறுத்தேன், திட்டம் போட்டேன், எல்லாம் இனி நடக்கவேண்டியதைப் பார்க்கிற வினைகள். ‘இங்’ வேறு குடும்பம். அது வினையிலிருந்து பெயர் செய்கிற விகுதியாக, ‘உங்’ என்றும் ‘இங்’ என்றும் இருந்தது. நடந்துகொண்டிருக்கிற செயலைக் காட்ட ‘எண்டே’ என்று தனியாக இன்னொரு விகுதி இருந்தது, பிறகு இரண்டும் உருக்குலைந்து ஒரே ‘இங்’ ஆகிவிட்டன. ‘ஷீ இஸ் சிங்கிங்’ என்பதில் இருக்கிற இங்கும் ‘சிங்கிங் இஸ் ஹர் ஜொப்’ என்பதில் இருக்கிற இங்கும் பார்க்க ஒன்று போல இருப்பதற்குக் காரணம் அதுதான். பிள்ளைகள் குழம்புவதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் இந்த முன்னே பின்னே விளக்கத்தை ரொம்ப நம்பக் கூடாது. இணையத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிற பல பேர் இதைப் பெரிய ரகசியம் மாதிரி விற்கிறார்கள். போஸ்ட்போன் என்பது இனிமேல் நடக்கவேண்டியதைப் பற்றியதுதானே? அவொய்ட், கன்சிடர், இவையும் அப்படித்தானே? மூன்றுக்கும் ‘இங்’தான் வரும். விளக்கம் அங்கேயே படுத்துவிடும். தமிழ்க் காது அங்கேயும் படுக்காது. ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’, ‘போவதைத் தவிர்த்தேன்’, ‘போவதைப் பற்றி யோசித்தேன்’. ‘போகத் தவிர்த்தேன்’ என்று யாராவது சொல்வோமா? ஃபினிஷ் என்றால் எழுதி முடித்தேன், ‘எழுத முடித்தேன்’ இல்லை. கீப் என்றால் பேசிக்கொண்டே இருந்தான். ப்ரக்டிஸ் என்றால் பேசிப் பழகு. இவை எதிலும் ‘செய’ எச்சம் வராது, ஆங்கிலத்தில் ‘டு’ வராது.

அப்போ அந்த ‘என்ஜோய் டு பிளே’ எங்கிருந்து வருகிறது? லைக்குக்கும் என்ஜோய்க்கும் கொப்பியில் ஒரே கருத்து எழுதி வைத்திருக்கிறோம்: பிடிக்கும். ‘விளையாடப் பிடிக்கும்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அதனால் ‘டு’ தானாக வந்து குந்திக்கொள்கிறது. லைக்கில் அது சரி, லைக் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். என்ஜோய்க்குப் பிடிக்கும் என்று எழுதாமல் ரசிக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். ‘விளையாட ரசிக்கிறேன்’ என்று வாய் வராது. விளையாடுவதை ரசிக்கிறேன், பிளேயிங். கருத்துச் சொல்லை மாற்றினதுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை, வகுப்பில் அந்தப் பிழை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

ஜெரண்ட் என்றால் என்ன என்று வகுப்பில் வரைவிலக்கணம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவையும் இல்லை. தேயிலை ஸ்டோருக்குள்ளே, அதாவது தொழிற்சாலைக்குள்ளே, ஒரு தடவையாவது போகாத பிள்ளை குறைவு. பச்சைக் கொழுந்து மேல்மாடிக்குப் போய், நீளத் தொட்டியில் பரப்பி, கீழே இருந்து காற்று அடித்து, 12 முதல் 18 மணி நேரம் வாடுகிற வரைக்கும் கிடக்கும். அது விதரிங். கீழே இறக்கி இயந்திரத்தில் முறுக்குவது ரோலிங். சூளையில் உலர்த்துவது டிரையிங். பிறகு சலித்து ரகம் பிரிக்கிறது சிஃப்டிங், கிரேடிங். கடைசியில் பேக்கிங். மலைக்கு வந்தால் ப்ளக்கிங் (கொழுந்து பறிப்பது), புரூனிங் (கவ்வாத்து), வீடிங் (களை எடுப்பது) என்று செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேர் விழும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குச் சித்தி இல்லாத அண்ணன்மார்கூட ‘விதரிங் இன்னைக்குச் சரியில்ல’ என்று பேசிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அந்த வாக்கியத்தில் விதரிங் ஒரு பெயர்ச்சொல், எழுவாய். வேலைக்கு வைத்த பெயர். ஜெரண்ட் என்றால் அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொரு காரியமும் கைக்கு வரும். கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ‘டு ஸ்மோக் இஸ் பேட்’ என்று தொடங்குவார்கள். பிழை இல்லை, ஆனால் விறைப்பாக இருக்கும், பழைய பிரசங்கம் மாதிரி. வாக்கியத்தின் தலையில் உட்கார ஜெரண்ட்தான் பொருத்தம்: ‘ஸ்மோக்கிங் இஸ் பேட்’. இன்ஃபினிட்டிவை வைத்தே தீரவேண்டும் என்றால் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் ‘இட்’ போடுங்கள்: ‘இட் இஸ் ஹார்ட் டு வோர்க் இன் த ரெய்ன்’. இன்னொன்று, ஜெரண்ட் எழுவாயாக வந்தால் அது ஒருமை, நடுவில் எத்தனை பன்மை வந்தாலும் சரி. ‘ப்ளக்கிங் டூ லீவ்ஸ் அண்ட் எ பட் இஸ் நொட் ஈஸி.’ இலை இரண்டு, வேலை ஒன்று. ‘ஆர்’ போட்டால் மார்க் போகும்.

வேற்றுமை உருபுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இன், எட், ஒஃப், ஃபோர், வித்தவுட், பிஃபோர், ஆஃப்டர் மாதிரியான முன்னிடைச் சொல் எதுவானாலும் பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ ஆகத்தான் வரும். ‘குட் எட் சிங்கிங்’, ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’, ‘வித்தவுட் ஆஸ்கிங்’. தமிழிலும் ஐ, கு, இல் எல்லாம் பெயரில்தான் ஒட்டும்: பாடுவதில், படிப்பதற்கு. ‘பாடவில் கெட்டிக்காரி’ என்று யாரும் சொல்வதில்லை. இது எளிது, யாருக்கும் பெரிதாகப் பிழைப்பதில்லை, ஒரே ஒரு பொறியைத் தவிர.

அந்தப் பொறி ‘டு’தான். இன்ஃபினிட்டிவின் டுவாக மாறியது ஒரு பாதி, பழையபடி திசை காட்டும் சொல்லாகவே நின்றுவிட்டது மறுபாதி. விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியில் ‘ஐ லுக் ஃபோவர்ட் டு ஹியர் ஃப்ரொம் யு’ என்று எழுதாதவர்கள் குறைவு. டுவைக் கண்டதும் கை பழக்கத்தில் வெறும் வினையைப் போட்டுவிடும். ‘டு ஹியரிங்’ என்பதுதான் சரி. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது: டுவுக்குப் பின்னால் ஒரு பொருளின் பெயரை வையுங்கள். ‘ஐ லுக் ஃபோவர்ட் டு யுவர் லெட்டர்’ நிற்கிறது. ‘ஐ வோன்ட் டு யுவர் லெட்டர்’ நிற்கவில்லை. பெயர் நின்றால் ‘இங்’கும் நிற்கும்.

நுவரெலியாவுக்குக் கொழும்பிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதம் முழுக்கக் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள், பிறகு குளிருக்குப் பழகிவிடுவார்கள். குளிருக்கு. ‘ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்.’ விடியற்காலை எழும்புவதற்குப் பழகிவிட்டேன்: ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி.’ தமிழில் ‘கு’ நிற்கிற இடத்தில் அங்கே ‘டு’ நிற்கிறது, கணக்கு நேர். ஆனால் நடுவில் இருக்கிற அந்த ‘ஆம்’ விழுந்துவிட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி’ என்றால் ஒரு காலத்தில் விடியற்காலை எழும்புவேன், இப்போது இல்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போன ஒரு பெடியன் சுறுசுறுப்பானவன் என்று காட்டுவதற்காக இதைச் சொன்னால், முன்னொரு காலத்தில் சுறுசுறுப்பாக இருந்தவன் என்று அவனே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதோடு, ‘எவ்ரி ஃப்ரைடே ஐ யூஸ் டு கோ டு கோவில்’ என்று நிகழ்காலப் பழக்கத்துக்கு யூஸ் டு போடுகிற வழக்கமும் நமது பக்கம் பரவலாக இருக்கிறது. அதற்கு ‘ஐ கோ’ போதும். கூட ஒன்றும் வேண்டாம்.

இனி தமிழ்க் காது கவிழ்க்கிற இடங்கள். என்னைக் கேட்டால் கொப்பியில் கோடு கிழித்து எழுதவேண்டியவை இவை மட்டும்தான்.

‘எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும்’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ நோ டு டிரைவ்’ என்று சொல்கிறோம். நோ என்கிற வினை இன்ஃபினிட்டிவை நேரடியாக ஏற்காது, நடுவில் ஒரு ‘ஹவ்’ கேட்கும். ‘ஐ நோ ஹவ் டு டிரைவ்’, இல்லாவிட்டால் ‘ஐ கேன் டிரைவ்’ என்று முடித்துவிடுங்கள்.

‘டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார்’ என்பது ‘டோல்ட் மீ டு ரெஸ்ட்’ என்றால் சரி, ‘அட்வைஸ்ட் மீ டு ரெஸ்ட்’ என்றாலும் சரி. சஜஸ்ட் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. ‘சஜஸ்டட் மீ டு ரெஸ்ட்’ வராது, ‘சஜஸ்டட் ரெஸ்டிங்’தான். படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் வாயிலும் இந்தப் பிழை சர்வசாதாரணம்.

‘புத்தகம் வாங்குவதற்காக டவுனுக்குப் போனேன்’, உடனே ‘ஃபோர் பையிங் புக்ஸ்’. காரியத்துக்காகப் போனால் ‘டு பை புக்ஸ்’. ‘ஃபோர் இங்’ எப்போது வரும் என்றால், ஒரு சாமான் எதற்குப் பாவிக்கிறது என்று சொல்லும்போது வரும்: கவ்வாத்துக் கத்தி ‘இஸ் ஃபோர் புரூனிங்’. நடந்த ஒன்றுக்கு நன்றி சொல்லும்போது வரும்: ‘தேங்க் யு ஃபோர் கமிங்’. ஆள் போனதற்கு வராது.

லெட், மேக் இரண்டும் வேடிக்கையானவை. போக விடு, அழ வைத்தான். தமிழில் ‘போக’, ‘அழ’ என்று ஒட்டு எதுவும் இல்லாமல் நிற்கிறது, ஆங்கிலத்திலும் ‘லெட் மீ கோ’, ‘மேட் ஹர் க்ரை’ என்று டு இல்லாமல்தான் நிற்கிறது. இரண்டும் பொருந்திப்போகிற இடத்தில் பிழை எப்படி வருகிறது? நாம் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தால் வருகிறது. ‘செய்ய என்றால் டு டூ’ என்று மூன்றாம் தரத்திலேயே தலையில் ஏற்றிவிட்டோம், பிள்ளை கடமையாக ‘லெட் மீ டு கோ’ என்கிறது. இதில் ஆங்கிலக்காரனும் சும்மா இருக்கவில்லை, மேக்கின் செயப்பாட்டு வினையில் அந்த டுவைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்: ‘ஷீ வோஸ் மேட் டு வெயிட்’. ஹெல்ப்புக்கு டு போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

ஹோப், எக்ஸ்பெக்ட், ப்ரொமிஸ், ப்ரிடென்ட், மெனேஜ், இந்த ஐந்துக்கும் தமிழ் உதவாது. வருவான் என்று எதிர்பார்க்கிறோம், தருவதாக வாக்குக் கொடுக்கிறோம், தூங்குவது போல நடிக்கிறோம், எதிலும் ‘செய’ எச்சம் இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் ஐந்துக்கும் ‘டு’. இதைப் பாடமாக்கத்தான் வேண்டும்.

ஸ்டார்ட், பிகின், கன்டினியூ இவற்றுக்கு எது போட்டாலும் அர்த்தம் மாறாது, அதனால் அவற்றைப் பற்றி யாராவது உங்களைத் திருத்த வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். லைக் மட்டும் ‘வுட்’ சேர்ந்தால் குணம் மாறும். ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘வுட் யு லைக் டு ஹேவ் டீ?’ ஆனால் ‘வுட் யு மைன்ட் வெயிட்டிங்?’ ஒன்றில் டு, மற்றதில் இங். விருந்தாளியிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லவேண்டிய வாக்கியங்கள் என்பதால் விதியெல்லாம் வேண்டாம், பாட்டு மாதிரி வாயில் ஏற்றிக்கொண்டால் போதும்.

பேசும்போது இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே கனம் உள்ளவை இல்லை. ‘லெட் மீ டு கோ’ என்றால் வழிவிடுவார்கள், யாருக்கும் நட்டமில்லை. ‘ஐ ஸ்டொப்ட் டு ஸ்மோக்’ என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் வேறு எதையோ எழுதிக்கொள்வார். அர்த்தம் புரளுகிற ரிமெம்பர், ஃபொர்கெட், ஸ்டொப், யூஸ்ட் டு நான்கையும் நான் பேச்சிலேயே திருத்துவேன், மற்றதை எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தித் திருத்தினால், அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. ஏற்கெனவே வெட்கத்தால் பாதிப் பேர் கடைசி வாங்கில்தான் குந்தியிருக்கிறார்கள்.

நீட் என்கிற வினையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மேல் டிவிசனில் இருக்கிற ஓர் அக்கா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரைத் தகரம் பற்றித் தோட்ட நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டும் என்று மகளோடு வந்திருந்தார். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் ஒழுகாத கூரை அதிர்ஷ்டக்காரர்களுக்குத்தான். மகள் தரம் பத்து. ‘த ரூஃப் நீட்ஸ் டு ரிபெயர்’ என்று எழுதியிருந்தாள், கூரை திருத்த வேண்டும் என்று நாம் சொல்வது மாதிரியே. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் கூரை தானே எழும்பி எதையோ திருத்தப்போகிறது என்று ஆகிவிடும். ‘நீட்ஸ் டு பி ரிபெயர்ட்’ என்று எழுதலாம், இல்லாவிட்டால் ‘நீட்ஸ் ரிபெயரிங்’ என்று சுருக்கமாக எழுதலாம், நீட்டுக்குப் பின்னால் வருகிற ஜெரண்டுக்கு இந்தச் செயப்பாட்டுக் குணம் உண்டு என்று சொல்லி ‘ரிபெயரிங்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

அக்கா வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். மகள் வாசித்துத் தமிழிலும் சொன்னாள். ‘இதுல யாரு திருத்தணும்னு இல்லையே தம்பி?’ என்றார்.

உண்மைதான், இல்லை. ஜெரண்ட் வேலையின் பெயரை மட்டும் சொல்லும், ஆளைச் சொல்லாது. டு பி ரிபெயர்ட் என்றாலும் அதே கதை. ‘போன வருசமே செஞ்சு தர்றதா சொன்னாங்க, அதையும் எழுதுங்க’ என்றார் அக்கா. அடுத்த வரியாக மகள் எழுதினாள்: ‘லாஸ்ட் இயர் த மெனேஜ்மென்ட் ப்ரொமிஸ்ட் டு ரிபெயர் இட்.’ டுவை அவளே போட்டாள், என்னிடம் கேட்கவில்லை.